நச்சுப்பொருள் காண இராமன் ஒளி: பயனும் வரம்பும்

(உணவுப் பாதுகாப்பு நிர்வாகம் குறித்த பயிற்சி வகுப்பொன்றில் அலுவலர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)



நிதி அலுவலர் ஒருவர் பௌதிகத்தைப் பற்றிப் பேச முற்படுவது பொருந்துமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன், 1907-ஆம் ஆண்டில் இந்திய நிதித் துறையில் சேர்ந்து, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பதவியேற்றவர். அலுவலகம் செல்லுமுன்னும் அலுவலகம் முடிந்த பின்னும், மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் உழைத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1917-இல், அரசுப் பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஒப்புமை இத்துடன் முடிந்துவிடுகிறது. அவர் ஒளியை ஆராய்ந்தார். நான் ஆராய விரும்புவது, அவர் கண்ட ஒளியைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு கருவிக்கு அரசு பணம் செலவிடலாமா, செலவிட்டால் அதை எங்கே நிறுத்துவது என்பதை மட்டுமே.

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உணவில் கலப்படம் என்பது அடிப்படையில் தகவல் பற்றாக்குறையால் விளையும் கேடு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. தகவலைப் பெறும் செலவு குறைந்தால் ஏமாற்றுவதன் இலாபமும் குறையும். ஆகவே, பொருளின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லும் கருவி வந்திருக்கிறது என்று கேள்விப்படும் நிர்வாகி மகிழ்வது இயல்பே. அந்த மகிழ்ச்சிக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதைப் பார்ப்போம்.

கோடியில் ஒரு துளி ஒளி

ஒரு திரவத்தின் ஊடே ஒரே நிறமுள்ள ஒளியைச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகப் பெரும்பகுதி அதே நிறத்தோடு வெளிவருகிறது. ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கு மட்டும் சற்றே நிறம் மாறி வருகிறது. ஒளி தன் ஆற்றலில் சிறு பகுதியை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறுவதே இதற்குக் காரணம். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் இராமனும் அவருடைய மாணவர் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது இதைத்தான். தொடக்கச் சோதனைகளுக்குச் சூரிய ஒளியும் நிற வடிகட்டிகளும் மனிதக் கண்ணும் போதுமானவையாக இருந்தன. அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் ஆகிய இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டனர். 1930-இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நிறமாற்றத்தின் அளவு ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனி. கைரேகை ஆளை அடையாளம் காட்டுவது போல, இக்கோடுகளின் வரிசை பொருளை அடையாளம் காட்டும். குறை என்னவெனில், இவ்வொளி மிக மிக மங்கலானது. 1960-இல் லேசர் ஒளி கைவந்த பிறகே இம்முறை பரவலாயிற்று. அப்போதும், செறிவு மிகுந்த பொருளுக்குத்தான் அது தகுந்ததாக இருந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஒளிந்திருக்கும் நஞ்சை அதனால் காண முடியவில்லை.

இந்தக் குறை எல்லா இடத்திலும் குறையாகாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1986-இல் பம்பாய் மருத்துவமனை ஒன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லெண்டின் ஆணையம் அதை விசாரித்தது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்திலும் அதே நஞ்சுதான் இருந்தது. தமிழ்நாட்டில் தயாரிக்கப்பட்ட அம்மருந்தைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, நஞ்சின் அளவு 48.6 சதவீதம் என்று தெரியவந்தது. அனுமதிக்கத்தக்க அளவு 0.1 சதவீதம். ஏறத்தாழப் பாதிக்குப் பாதி நஞ்சாக இருக்கும் திரவத்தைக் கண்டுபிடிக்கப் புதிய பௌதிகம் எதுவும் தேவையில்லை. மருந்து நூல்களில் உள்ள பழைய சோதனைகள் போதும். கையடக்கமான சாதாரண இராமன் கருவியும் போதும். மூலப்பொருள் வந்திறங்கும்போது எவரேனும் சோதித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கருவி இல்லாமையையும் கடமை தவறுதலையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டால், இரண்டாவதற்கும் கொள்முதல் ஆணை பிறப்பிப்பதே பரிகாரம் என்று ஆகிவிடும்.

உணவுத் துறையிலும் சாதாரண இராமன் முறைக்கு இடம் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், சமையல் எண்ணெய், கொழுப்பு, நெய் ஆகியவற்றின் கலப்படத்தைக் காண மின்கலத்தால் இயங்கும் கைக்கருவி ஒன்றை 2019-இல் அறிமுகப்படுத்தி, அதற்கு இராமன் 1.0 என்றே பெயரிட்டது. இங்கும் தேடப்படுவது சதவீதக் கணக்கில் கலக்கப்படும் பொருள்.

சொரசொரப்பான வெள்ளி

மிகச் சிறிய அளவுகளுக்கு வழி திறந்தது 1974-இல். இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், ஹென்ட்ரா, மக்குயிலன் ஆகியோர் வெள்ளி மின்முனையின் பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதில் பிரிடின் என்ற பொருளைப் படியச் செய்து இராமன் ஒளியை அளந்தனர். எதிர்பாராத வலிமையோடு ஒளி வந்தது. பரப்பு சொரசொரப்பானதால் அதிக மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டன என்று அவர்கள் கருதினர். 1977-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வான் டைன், ஜான்மேர் இருவரும், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் கணக்கிட்டுப் பார்த்தனர். ஒட்டிய மூலக்கூறுகளின் எண்ணிக்கை அந்த வலிமையை விளக்கப் போதவில்லை. ஒவ்வொரு மூலக்கூறின் ஒளியும் லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு வரை பெருகியிருந்தது.

இதன் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளி, பொன், செம்பு ஆகிய உலோகங்களின் நுண்துகள்கள் மீது தகுந்த நிற ஒளி விழும்போது, அவற்றிலுள்ள கட்டற்ற எலெக்ட்ரான்கள் ஒருசேர அசைகின்றன. துகளை ஒட்டிய இடத்தில் மின்புலம் பன்மடங்கு பெருகுகிறது. இராமன் ஒளியின் வலிமையோ அப்புலத்தின் நான்காவது அடுக்காக உயர்கிறது; புலம் 10 மடங்கானால் ஒளி 10,000 மடங்கு. இரண்டு துகள்கள் ஒன்றையொன்று ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருக்கும் இடுக்கில் பெருக்கம் உச்சத்தை எட்டுகிறது. 1997-இல் நீ, எமரி ஆகிய இருவரும், தனித்து நைப் அம்மையார் குழுவினரும், ஒரே ஒரு மூலக்கூறின் ஒளியையும் காணலாம் என்று அறிவித்தனர்.

இதில் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. பின்னால் வரும் சிக்கல்கள் அனைத்துக்கும் இவையே வேர். முதலாவது, இந்தப் பெருக்கம் உலோகப் பரப்பிலிருந்து சில நானோமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே நிகழ்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. மூலக்கூறு வெள்ளியை அண்டாவிட்டால் பயனில்லை. இரண்டாவது, கிடைக்கும் ஒளியில் பெரும்பகுதி மிகச் சில இடுக்குகளிலிருந்து வருகிறது. அந்த இடுக்குகள் எப்படி அமைகின்றன என்பது ஓரளவு தற்செயலின் பாற்பட்டது.

செய்முறை அரியதன்று. வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சிட்ரேட்டுடன் கொதிக்க வைத்து வெள்ளிக் கூழ்மம் தயாரிக்கும் முறையை லீ, மைசல் ஆகிய இருவர் 1982-இல் வெளியிட்டனர். எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் அதைச் செய்யலாம். 2010-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில், வெள்ளித் துகள்களைக் கணிப்பொறி அச்சு இயந்திரத்தின் மை போலக் காகிதத்தில் அச்சிட்டும் காட்டினார்கள். இம்முறை ஏழை நாடுகளுக்கும் எட்டும் என்ற நம்பிக்கைக்கு இவையே அடிப்படை.

எதைக் கேட்கிறோமோ அதுதான் கிடைக்கும்

2008-இல் சீனாவில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். பாலில் தண்ணீர் கலந்தவர்கள், புரதம் குறைந்தது தெரியாதிருக்க, மெலமைன் என்ற பொருளைச் சேர்த்தனர். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. 6 குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது. எப்படி இது சாத்தியமாயிற்று? பாலின் புரதத்தைக் கணக்கிடும் வழக்கமான கெல்டால் முறை, புரதத்தை நேரே அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தை ஊகிக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம். மெலமைனின் எடையிலோ மூன்றில் இரு பங்கு. நைட்ரஜனைக் கேட்ட சோதனைக்கு நைட்ரஜனைக் கொடுத்துவிட்டார்கள். அரசு ஓர் அளவுகோலை வகுக்கும்போதெல்லாம், அந்த அளவுகோலுக்கு ஏற்பப் பொருளை மாற்றும் தொழிலும் அதனுடன் பிறந்துவிடுகிறது. மானியத் திட்டங்களைத் தணிக்கை செய்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

மூலக்கூறையே பெயர் சொல்லி அழைக்கும் சோதனை இவ்வகையில் மேலானது. மெலமைன் வெள்ளியுடன் நன்றாக ஒட்டும் பொருளாகையால், பரப்பால் வலுவூட்டிய இராமன் முறை அதற்குச் சிறப்பாகப் பொருந்தியது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2010-இல் குழந்தைப் பால்மாவுக்கு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்தது. அந்த அளவு இம்முறைக்கு எட்டும். வேறு வெற்றிகளும் உண்டு. அமெரிக்காவில் 2001-இல் அஞ்சல் வழியாக ஆந்திராக்ஸ் கிருமிகள் அனுப்பப்பட்டு ஐவர் இறந்தனர். அதன் பின், வான் டைன் குழுவினர் 2005-இல் அக்கிருமி வித்துகளிலுள்ள ஒரு வேதிப்பொருளைக் கொண்டு, சுமார் 2,600 வித்துகளை 11 நிமிடங்களில் காண முடியும் என்று காட்டினர்; நோய் உண்டாக்கத் தேவை எனக் கருதப்படும் எண்ணிக்கையோ சுமார் 10,000. 2010-இல் சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகத்தினர், கண்ணாடி போன்ற மெல்லிய உறை பூண்ட பொன் துகள்களை ஆரஞ்சுத் தோலின் மீது தூவி, அதிலிருந்த பூச்சிமருந்து எச்சத்தை அடையாளம் கண்டனர். தொல்பொருள் துறைக்கும் இது உதவியிருக்கிறது என்பது என் சொந்த ஆர்வத்துக்குரிய செய்தி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தினர், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியத் தோல் துண்டு ஒன்றின் சிவப்புச் சாயம் மஞ்சிட்டி வகையைச் சார்ந்தது என்று கண்டது, கண்ணுக்குத் தெரியாத அளவே உள்ள மாதிரியிலிருந்துதான்.

இப்போது மறுபக்கம். 1974-க்குப் பின் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆய்வுக் கட்டுரைகள் பல்லாயிரக்கணக்கில் வெளிவந்துள்ளன. ஆயினும் பால் பண்ணை வாயிலிலும் சந்தைச் சோதனைச் சாவடியிலும் இக்கருவி ஏன் அன்றாடப் பொருளாகவில்லை?

ஆய்வுக்கூடத்தில் மாதிரி என்பது தூய நீரில் கரைத்த ஒரே பொருள். பால் அப்படிப்பட்டதன்று. கேசின் புரதமும் கொழுப்பும் வேறு நூறு பொருள்களும் வெள்ளிப் பரப்பில் இடம் பிடிக்க முந்துகின்றன. நாம் தேடும் பொருள் கூட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. வெள்ளியுடன் ஒட்ட விரும்பாத பொருள்களின் நிலை இன்னும் மோசம். இரத்தத்தின் சர்க்கரை அத்தகையது. வான் டைன் குழுவினர் வெள்ளியின் மீது இடைப்படலம் ஒன்றை அமைத்துச் சர்க்கரையை அருகில் ஈர்க்க வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக, எதிர்ப்புப் புரதத்தை வெள்ளியிலோ பொன்னிலோ பதித்து, அது நஞ்சைப் பிடித்ததும், வலுவான ஒளி தரும் வேறொரு அடையாளப் பொருளைக் கொண்டு அறியும் முறை வகுக்கப்பட்டுள்ளது. உயிர்ப்பொருள்களைக் காணும் ஆய்வுகளில் பெரும்பங்கு இவ்வகையைச் சார்ந்ததே. நுட்பம் மிக்கது, பல பொருள்களை ஒருங்கே காணவும் உதவும். ஆனால், மூலக்கூறு தன் பெயரைத் தானே சொல்கிறது என்ற பெருமை இங்கே போய்விடுகிறது. நாம் பார்ப்பது அடையாளப் பொருளின் கோடுகளை. எதிர்ப்புப் புரதம் ஆள் மாறாட்டம் செய்தால் கருவியும் அதையே வழிமொழியும். விற்பனைக் கையேடுகள் இந்த வேறுபாட்டை விளக்குவதில்லை. வாங்கும் அலுவலர்தான் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது, ஒரே மாதிரிக்கு ஒரே விடை கிடைக்குமா என்ற கேள்வி. ஐரோப்பாவில் 15 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, அடினைன் என்ற எளிய பொருளை வரையறுத்த முறைகளின்படி அளந்து, முடிவுகளை 2020-இல் வெளியிட்டன. எல்லாக் கூடங்களுக்கும் ஒரே வகைப் பொருள்களும் ஒரே செய்முறைக் குறிப்பும் தரப்பட்டிருந்தன. அப்படியும் கூடத்துக்குக் கூடம் வேறுபாடு தோன்றியது. சில முறைகளில் அது மிகுதியாகவே இருந்தது. இத்தகைய ஆய்வை ஒளிவுமறைவின்றி வெளியிட்டதைத் துறையின் முதிர்ச்சிக்கு அடையாளமாகவே நான் கொள்கிறேன்.

நமது பால் கணக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். கலப்படப் பால் என்றதும் யூரியா, சோப்புத்தூள் ஆகிய இரண்டும்தான் பொதுமக்கள் நினைவுக்கு வருகின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 மே முதல் அக்டோபர் வரை நாடு முழுவதும் 1,103 நகரங்களிலும் பேரூர்களிலும் 6,432 பால் மாதிரிகளைத் திரட்டிச் சோதித்தது. கலப்படம் காணப்பட்டவை 12 மட்டுமே: ஹைட்ரஜன் பெராக்சைடு 6, சோப்புப் பொருள் 3, யூரியா 2, புளிப்பு முறிக்கும் பொருள் 1. அதே மாதிரிகளில், அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூசண நஞ்சு வரம்பு மீறிக் காணப்பட்டவை 368, அதாவது 5.7 சதவீதம். தமிழ்நாடு, டெல்லி, கேரளம் ஆகிய மூன்றும் இதில் முன்னணியில் இருந்தன. தமிழ்நாட்டில் 551 மாதிரிகளில் 88. கால்நடை மருந்து எச்சம் வரம்பு மீறியவை 77. பத்திரிகைகள் பெரிதாக எழுதியது 12-ஐப் பற்றியா, 368-ஐப் பற்றியா என்பதை நீங்களே தேடிப் பாருங்கள்.

பூசண நஞ்சு நமக்குப் புதியதன்று. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் இது கண்டறியப்பட்டது. வெள்ளி மின்முனை பற்றிய கட்டுரை வெளிவந்த அதே 1974-ஆம் ஆண்டின் இறுதியில், இராஜஸ்தான், குஜராத் எல்லையிலுள்ள பழங்குடி மக்களின் கிராமங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் கல்லீரல் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். இவர்களுக்கு நோய் வருமுன்னரே வீட்டு நாய்கள் இறந்தன என்று விசாரணையில் தெரியவந்தது. அங்கே அன்று இருந்த ஒரே உணர்கருவி அந்த நாய்கள்தாம்.

கறவை மாடு பூசணம் பிடித்த தீவனத்தை உண்டால், அதன் கல்லீரல் அந்நஞ்சை எம்1 ஆக மாற்றுகிறது. அதில் சிறு பங்கு பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. ஆதலால் எவரையும் கைது செய்து இதைத் தீர்க்க முடியாது. பாலில் இதற்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியில் அரைப் பங்கு. சாதாரண இராமன் முறை இதன் அருகிலும் வர இயலாது. வெள்ளித் துகளின் உதவி நியாயமாகத் தேவைப்படும் இடம் இதுதான்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குற்றமுள்ள 100 மாதிரிகளில் 95-ஐப் பிடித்து, குற்றமற்ற 100-இல் 5-ஐத் தவறாகக் குற்றம் சாட்டும் கருவி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இது என் அனுமானம். எந்தக் கருவியின் உண்மைத் திறனையும் குறிப்பதன்று. 1,000 பால் மாதிரிகளில் கலப்படத்தைத் தேடுகிறோம். 2018 ஆய்வின்படி கலப்படமுள்ளவை சுமார் 2. கருவி அவ்விரண்டையும் பிடிக்கும். கூடவே குற்றமற்ற 998-இல் 50-ஐயும் பிடிக்கும். எச்சரிக்கை மணி 52 முறை அடித்தால், 50 முறை பொய். அதே கருவி, அதே 1,000 மாதிரிகளில் பூசண நஞ்சைத் தேடட்டும். நஞ்சுள்ளவை 57, அவற்றில் 54 பிடிபடும். குற்றமற்ற 943-இல் 47 தவறாகப் பிடிபடும். இப்போது இரண்டு மணிகளில் ஒன்று மெய். கருவியின் திறன் மாறவில்லை. நாம் கேட்ட கேள்வி மாறியது. தொழில் நுணுக்க மதிப்பீட்டுக் குறிப்புகளில் கருவியின் திறன் மட்டும் பல பக்கங்களுக்கு விவரிக்கப்படுவதையும், தேடும் பொருள் எவ்வளவு பரவலானது என்ற ஒற்றை எண் விடுபட்டுப்போவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பொய் மணியின் விலையை யார் கொடுக்கிறார்கள்? கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலில் காலையில் ஐந்து லிட்டர் பாலுடன் வரிசையில் நிற்கும் பெண்மணி கொடுக்கிறார். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, மாதிரியை நான்கு பாகமாகப் பிரிக்கச் சொல்கிறது; உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும்; அதன் மேல் முறையீட்டுக்கும் வழி உண்டு. சட்டத்தின் முன் நிற்பது அந்த அறிக்கைதான். வாயிலில் கீழே ஊற்றப்பட்ட பாலுக்கு மேல்முறையீடு கிடையாது. கெய்ரா மாவட்டத்தில் 1946-இல் தொடங்கிய கூட்டுறவு இயக்கம் வேரூன்றியதற்கு ஒரு காரணம், கொழுப்புச் சோதனை உற்பத்தியாளரின் கண்ணெதிரே நடந்து, அதன்படியே பணம் கிடைத்தது. கண்ணாடிக் குழாயில் கொழுப்பு எதுவரை நிற்கிறது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். நிறமாலைக் கோடுகளைக் கணிப்பொறி ஒப்பிட்டுச் சிவப்பு விளக்கு எரியவிட்டால், அவர் என்ன கேட்பார்? எனவே கிராமச் சங்க வாயிலில், தனி உற்பத்தியாளரின் பாலை ஏற்கவோ மறுக்கவோ இக்கருவியைப் பயன்படுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

தீவன ஆலை வாயிலில்

எங்கே நிறுத்தலாம்? பல கிராமங்களின் பால் ஒன்றுசேரும் டேங்கர் லாரி ஓர் இடம். அங்கே சோதிக்க வேண்டிய மாதிரிகள் குறைவு. எச்சரிக்கை எழுந்தால் எந்தத் தனிமனிதர் மீதும் பழி விழுவதில்லை. உறுதிச் சோதனையை ஒன்றியமே தன் செலவில் செய்யலாம். அதனினும் மேலான இடம் தீவன ஆலை. கலப்புத் தீவனத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் அஃப்ளடாக்சின் பி1-க்குக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று வரம்பு கட்டுகிறது. பாலின் வரம்பைப்போல் அது 40 மடங்கு. கருவிக்குக் காண்பது எளிது. பால் சுரக்குமுன்னரே தடுக்கவும் முடிகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் வெள்ளி நுண்கம்பிகளைக் கொண்டு நான்கு வகை அஃப்ளடாக்சின்களைப் பிரித்தறிந்து, 2012-இல் வெளியிட்டுள்ளனர். ஆய்வுக்கூடத்து வெற்றி, ஆலை வாயிலுக்கு அதைக் கொண்டுவரும் பணி நம் பல்கலைக்கழகங்கள் எடுத்துச் செய்யத்தக்கது.

எனினும் தீவனத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. பௌதிகம் அதைத் தீர்க்காது. பாலில் நஞ்சு சீராகக் கலந்திருக்கும். மூட்டையிலோ, பூசணம் பிடித்த ஒரு சில கடலை மணிகளில் மிகுதியாகத் திரண்டிருக்கும். பக்கத்திலுள்ள மணிகள் சுத்தமாக இருக்கும். ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால், எவ்வளவு நுண்ணிய கருவியானாலும் அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் பேசும். பூசண நஞ்சைப் பொறுத்தவரை, மாதிரி எடுப்பதில் நேரும் பிழை அளவிடுவதில் நேரும் பிழையைவிடப் பெரிது என்பது இத்துறையில் நிலைநாட்டப்பட்ட உண்மை. பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்து, நன்றாக அரைத்துக் கலந்த பின்பே சோதிக்க வேண்டும். அரைக்கும் இயந்திரத்துக்கும் அதை இயக்கும் ஆளுக்கும் ஆகும் செலவைத் திட்ட மதிப்பீட்டில் சேர்க்காமல், கருவியின் விலையை மட்டும் காட்டும் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஒப்பிடும்போதும் எச்சரிக்கை வேண்டும். புதுக்கருவியை வெறுங்கையோடு ஒப்பிட்டால் எப்போதும் அதுவே வெல்லும். எதிர்ப்புப் புரதம் பூசிய சோதனைப் பட்டைகள் ஏற்கெனவே சந்தையில் உள்ளன. அவற்றுக்கு லேசர் வேண்டாம், மின்சாரமும் பெரும்பாலும் வேண்டாம். ஒரு பட்டையின் விலையோடு, இராமன் முறையில் ஒரு சோதனைக்கு ஆகும் முழுச் செலவை, அதாவது வெள்ளித் தகடு, மாதிரியைத் தூய்மைப்படுத்துதல், கருவியின் தேய்மானம், ஆள் ஊதியம் ஆகிய அனைத்தையும் சேர்த்து, ஒப்பிட வேண்டும். பல நஞ்சுகளை ஒரே சோதனையில் காண வேண்டியிருக்கும் இடத்திலும், யாரும் எதிர்பாராத புதுப் பொருள் கலந்திருக்குமோ என்று ஐயுறும் இடத்திலும் இராமன் முறை முந்தக்கூடும். ஒரே நஞ்சைத் தினமும் தேடும் இடத்தில், பட்டையே சிக்கனமானது என்று கணக்கு சொன்னால் அதை ஏற்பதில் விஞ்ஞானத்துக்கு இழுக்கில்லை.

கொள்முதல் பற்றி ஒன்று கூறி முடிக்கிறேன். இத்தகைய கருவிகளில் ஒருமுறைச் செலவைவிடத் தொடர்செலவே கவனத்துக்குரியது. வெள்ளித் தகடு ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக வேண்டும். வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும் என்பதை நம் வீட்டுக் குத்துவிளக்குக் கிண்ணங்களே காட்டும்; பொன் கறுக்காது, ஆனால் ஒளிப்பெருக்கம் குறைவு, விலை அதிகம். ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, தகடுகள் நம் கோடைக்காலக் கிடங்கில் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் அளவு எவ்வளவு வேறுபடும் என்ற இரண்டையும் எழுத்தில் பெறுங்கள். செயல்முறை விளக்கத்துக்கு விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரியை ஏற்க வேண்டாம். அந்த மாவட்டத்துப் பாலிலும் தீவனத்திலும், பகுப்பாய்வுக்கூடம் முன்கூட்டி அளந்து, எண் மட்டும் ஒட்டிய நாற்பது குப்பிகளை அவர் முன் வையுங்கள். அவற்றில் பாதிக்கு மேல் நஞ்சில்லாதவையாக இருக்கட்டும். நஞ்சுள்ளவற்றில் எத்தனையைக் கண்டார் என்பதோடு, நஞ்சில்லாதவற்றில் எத்தனையைக் குற்றம் சாட்டினார் என்பதையும் தனிப் பத்தியில் குறித்து, விலைப் பட்டியலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.